முன்பல் வேரோடு விழுந்துவிட்டால்: முதல் அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

என் பையனுக்கு எட்டு வயது. மாடிப்படியில் சறுக்கி விழுந்ததில் மேல் முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது. நான் அதை நன்றாகத் தேய்த்துக் கழுவி, டிஷ்யூ பேப்பரில் மடித்து எடுத்துப் போனேன். "பல்லைக் கொண்டுவந்தீங்க, சரி. ஆனா காயவிட்டுட்டீங்களே" என்றார் டாக்டர்.

மயக்கமோ வாந்தியோ இருந்தால் பல்லை விடுங்கள், முதலில் ஆஸ்பத்திரி.

அடுத்து, விழுந்தது பால் பல்லா என்று பாருங்கள். பால் பல்லைத் திரும்பச் செருகவே கூடாது, உள்ளே வளரும் பல் கெட்டுவிடும். நிரந்தரப் பல் அகலமாக இருக்கும், புதிதாக முளைத்ததென்றால் விளிம்பு ரம்பம் போல மேடுபள்ளமாக இருக்கும்.

இனி நான் தவறிய இடம். பல்லை வெள்ளைப் பகுதியில் மட்டும் பிடியுங்கள், மஞ்சளான வேரில் கை படக்கூடாது. அந்த வேரின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய சவ்வு இருக்கிறது, பல்லை எலும்போடு மறுபடி சேர்ப்பது அதன் செல்கள்தான், தேய்த்தால் உரிந்துபோகும், காய்ந்தால் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் செத்துவிடும். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ லேசாக அலசுங்கள், போதும். சோப்பு, டெட்டால் வேண்டவே வேண்டாம். முன்பக்கம் வெளியே பார்க்கிறதா என்று சரிபார்த்து, குழியில் மெதுவாக விரலால் அழுத்தி, சுத்தமான கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லிவிட்டு உடனே பல் டாக்டரிடம் கிளம்புங்கள்.

பிள்ளை வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறதா? சின்ன டப்பாவில் குளிர்ந்த பாலை ஊற்றிப் பல்லைப் போடுங்கள். என் கணக்கில் பாலுக்கு இணை இல்லை, எந்தத் தெருமுனைக் கடையிலும் பாக்கெட் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் பிள்ளையின் எச்சிலையே ஒரு டம்ளரில் துப்பச் சொல்லி அதில் போடலாம். தண்ணீர் அந்தச் செல்களுக்கு ஆகாது, ஆனாலும் காயவிடுவதற்கு அது தேவலை.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு 2 வாரம் கட்டி வைப்பார். டெட்டனஸ் ஊசி விவரத்தைச் சொல்லுங்கள். வேர் நுனி இன்னும் மூடாத பல்லா என்று கட்டாயம் கேளுங்கள், அப்படியானால் ரத்த ஓட்டம் திரும்ப வாய்ப்பு உண்டு, ரூட் கெனால் செய்யாமல் காத்திருந்து பார்ப்பார்கள். நுனி மூடியிருந்தால் 2 வாரத்துக்குள் ரூட் கெனால். இட்லி, குழைந்த சாதம், மென்மையான பிரஷ். அப்புறம் செக்கப்பை விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் எங்கள் டாக்டர் சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால் அந்தப் பல்லைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார், உலோகம் போல ஒலித்தால் எலும்போடு இறுகிவிட்டது என்று அர்த்தமாம், தாடை வளர வளரப் பல் கீழிறங்காமல் மேலேயே நின்றுவிடும். காய்ந்த பல்லுக்கு அந்த ஆபத்து அதிகம். போன வாரம் வரை ஒலி சாதாரணமாகத்தான் இருந்தது.

பிற்சேர்க்கை: பல் விழாமல் பாதி உடைந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். துண்டைத் தேடி எடுங்கள், ஈரமாக வைத்துக் கொண்டுபோங்கள், பல சமயம் அதையே ஒட்டித் தருவார்கள். துண்டு கிடைக்கவில்லை, உதடு வீங்கி கிழிந்திருக்கிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், உதட்டுக்குள்ளேயே புதைந்திருக்கலாம்.