‘ஹேவ்’ பயன்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ‘ஹேவ்’ என்ற வினையில் அவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மட்டும் மாறுவதில்லை. தமிழ்வழியில் படித்த நானும் விழுந்து எழுந்த இடங்கள்தான். ‘ஹி’ வந்தால் ‘ஹேஸ்’ என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்

‘எனக்கு ரெண்டு தங்கச்சி இருக்காங்க’, ‘பைக் வச்சிருக்கேன்’ என்று பேசிப் பழகிய வாய்க்கு ‘ஆம் ஹேவிங்’ தானாக வந்துவிடுகிறது. உறவோ, பொருளோ, வேலை அனுபவமோ, காய்ச்சலோ, எதுவானாலும் ‘ஐ ஹேவ்’ போதும். சாப்பிடுவது, குளிப்பது மாதிரி நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்லும்போது ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரியே.

ஐ ஹேவ் கான் டு சிங்கப்பூர் இன் 2019

எத்தனை முறை கேட்டாலும் எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான். ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறு. இதற்கு மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ‘ஐ ஹேவ் கான் – நான் சென்றிருக்கிறேன்’ என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறோமே, கோளாறு அங்கே இருக்கிறது.

‘அப்பா ஊருக்குப் போயிருக்கார்’ என்றால் அவர் இப்போது வீட்டில் இல்லை. ‘நான் டெல்லிக்குப் போயிருக்கேன்’ என்றால் போய்விட்டுத் திரும்பியாயிற்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘போயிரு’. ஆங்கிலம் இவற்றைப் பிரித்துவைத்திருக்கிறது: போனவர் இன்னும் வரவில்லை என்றால் ‘ஹேஸ் கான்’, போய் வந்தாயிற்று என்றால் ‘ஹேவ் பீன்’. எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர் தன்னைப் பற்றி ‘ஐ ஹேவ் கான்’ என்று சொல்லவே வாய்ப்பு குறைவு. கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போனால் எழுதலாம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவராக) இருந்த மாணவர் ஒருவர், சாம்பிள் விஷயமாக பெங்களூரு போய்விட்டு அன்று காலையே திரும்பியிருந்தார். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு ‘ஐ ஹேவ் கான் டு பெங்களூரு’ என்று மெயில் போட்டார். ஆள் ஊரில் இல்லை என்று நினைத்த பையர், மறுநாள் ஃபேக்டரிக்கு வருவதாக இருந்ததை ரத்து செய்துவிட்டு வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டார். ஆர்டரும் அங்கே போனது. ‘கான்’ இருந்த இடத்தில் ‘பீன்’ எழுதியிருந்தால் போதும். பேசும்போது கேட்டுத் தெளிந்துகொள்ளலாம், மெயிலில் அது நடக்காது.

இரண்டாவது தவறு 2019. ‘2019ல போயிருக்கேன்’ என்பது நல்ல தமிழ். ஆங்கிலத்தில் முடிந்துபோன நாளையோ ஆண்டையோ சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ வரக் கூடாது: ‘ஐ வென்ட் டு சிங்கப்பூர் இன் 2019’. ‘ஐ ஹேவ் சென்ட் தி ஃபைல் எஸ்டர்டே’ என்று தினமும் அலுவலகங்களிலிருந்து போகிறதே, அதுவும் இதே கதைதான். ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’ வரும் இடங்களில் அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் வேறுபடுவதுண்டு. ‘எஸ்டர்டே’யோடு ‘ஹேவ்’ சேர்ப்பதை இருவருமே ஏற்க மாட்டார்கள். எப்போது என்று சொல்லாமல் அனுபவத்தை மட்டும் சொல்ல வேண்டுமா? ‘ஐ ஹேவ் பீன் டு சிங்கப்பூர்’. அங்கேயே நிறுத்துங்கள்.

ஐ கட் மை ஹேர்

கத்தரியை நீங்களே பிடித்தீர்களா? சலூனில் வெட்டிக்கொண்டால் ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’. பைக்கை மெக்கானிக்கிடம் விட்டாலும் இதே அமைப்பு: ‘ஐ ஹேட் மை பைக் சர்வீஸ்ட்’.

டிட் யூ ஹேட்?

கிடையாது. ‘டிட் யூ ஹேவ்’.

ஹேட் ஹேட்

அச்சுப்பிழை இல்லை, ஒன்றை அடித்துவிடாதீர்கள். ‘அவர் வருவதற்குள் சாப்பிட்டு முடித்திருந்தோம்’ என்பதற்கு ‘வீ ஹேட் ஹேட் லஞ்ச் பிஃபோர் ஹி கேம்’ சரியான வாக்கியம். முதல் ‘ஹேட்’ துணைவினை, இரண்டாவது சாப்பிட்டதைச் சொல்வது. பேச்சில் முதலாவது சுருங்கி ‘வீட் ஹேட்’ என்றுதான் காதில் விழும்.