காந்தம் எவ்வளவு பலம்? கொதிதண்ணீரில் போட்டுப் பாருங்கள்

இன்னும் பலமான நானோ காந்தம் (மிக மிக நுண்ணிய மணிகளால் ஆன காந்தம்) செய்ய ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எதில் பலம் என்றுதான். ஆணியை இழுக்கும் பலம் ஒன்று, சூடேறினாலும் காந்தமாகவே நிற்கும் பலம் இன்னொன்று. இரண்டாவதை வீட்டிலேயே பார்க்கலாம்.

கொழும்பில் புறக்கோட்டைப் பக்கம் போனால் 10 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிப்பில் சாதாரண நியோடிமியம் வட்டு ஒன்று தேடி வாங்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் கழற்றியது வேண்டாம், அதன் ஒரே முகத்தில் வடக்கும் தெற்கும் இருப்பதால் கணக்குக் குழம்பும். திசைகாட்டியை மர மேசையில் வையுங்கள், வெள்ளவத்தை ஃபிளாட் என்றால் ஜன்னல் கிரில்லைவிட்டுத் தள்ளி (என் முதல் அளவு அந்தக் கிரில்லால்தான் பிழையாகிப்போனது). வட்டை நிமிர்த்தி, முகம் திசைகாட்டியைப் பார்க்க, நேர் கிழக்கிலிருந்து மெல்ல நகர்த்தி, முள் 45 பாகை திரும்பும் இடத்தில் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 9 செ.மீ. அளவில் வரும்.

அப்புறம் அலுமினியச் சட்டியில் (ஒட்டாது) தண்ணீரைக் கொதிக்கவிட்டு வட்டைப் பத்து நிமிடம் போடுங்கள். தீயில் நேரே காட்டவே வேண்டாம். நன்றாக ஆறவிட்டு மறுபடி அளவுங்கள், ஏனென்றால் சூட்டில் போன பலத்தில் ஒரு பங்கு ஆறியதும் தானே திரும்பும், திரும்பாததுதான் நமக்கு வேண்டிய கணக்கு. வட்டின் பலம் இந்த 45 பாகைத் தூரத்தின் மும்மடிக்கு (தூரம் × தூரம் × தூரம்) ஏற்ப மாறும். 9 செ.மீ. 8.5 ஆகிவிட்டால் கிட்டத்தட்ட 16 வீதம் போய்விட்டது.

நியோடிமியம், இரும்பு, போரன் சேர்ந்த இந்தக் காந்தம் 1980களில் வந்தது, சாதாரண ரகத்துக்கு 80 பாகை செல்சியஸ்தான் எல்லை. மின்சாரக் கார் மோட்டாருக்கு அது போதாது என்று டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் உலோகத்தைச் சேர்க்கிறார்கள், அதுவோ விலையும் கூட, இழுக்கும் பலத்தையும் குறைக்கும். காந்தத்துக்குள் இருக்கும் மணிகளைச் சிறிதாக்கினால் டிஸ்ப்ரோசியம் குறைவாகவே போதும் என்பது நானோ ஆராய்ச்சியின் ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், சில நானோமீற்றர் தடிப்புள்ள இரும்பை அல்லது இரும்பு-கோபால்ட் கலவையைக் கடினக் காந்தத்தோடு (எளிதில் காந்தத்தன்மையை இழக்காத காந்தம்) பிணைப்பது. 1993இல் ஸ்கோம்ஸ்கி, கோயி என்ற இரு இயற்பியலாளர்கள் இரும்பு-கோபால்ட் கலவைக்குப் போட்ட கணக்கில் காந்த ஆற்றல் (காந்தப் பலத்தை ஒப்பிடும் அளவு) ஒரு கனமீற்றருக்குச் சுமார் 1000 கிலோஜூல் வந்தது, நியோடிமியம் காந்தத்தின் உச்ச வரம்போ 512. கணக்கு அழகு, ஆனால் நானோ மணிகளை எல்லாம் ஒரே திசையில் நிறுத்தி, சூட்டில் அழுத்தும்போது அவை வளராமல் பிடித்துவைப்பதுதான் பாடு. அதனால் புதுக் காந்தம் என்று யாராவது எண் சொன்னால் இரண்டைக் கேளுங்கள்: எத்தனை பாகையில் அளந்தது, மெல்லிய படலத்திலா அல்லது கையில் பிடிக்கக்கூடிய கட்டியிலா?