வீட்டிலேயே மலம் எடுத்து டி.என்.ஏ. பரிசோதனை: யார் செய்யலாம், எப்படிச் செய்வது

மலத்தில் ரத்தம் போகிறது, சில வாரங்களாக மலம் போகும் பழக்கமே மாறிவிட்டது, காரணமில்லாமல் எடை குறைகிறது, ரத்தசோகை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் பெருங்குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று மலத்தில் பார்க்கும் இந்தப் பரிசோதனையைத் தேடாதீர்கள், நேராகக் குடல் மருத்துவரிடம் போங்கள். "உடம்புச் சூடு", "மூலம்தான்" என்று வெந்தயமும் மோரும் குடித்தபடி மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தாலோ, உங்களுக்கே முன்பு பாலிப் (குடல் சுவரில் வளரும் சதைக்கட்டி) எடுத்திருந்தாலோ, குடலில் நாள்பட்ட அழற்சி நோய் இருந்தாலோ அப்போதும் கேமரா வைத்த குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிதான் சரி.

எந்தத் தொந்தரவும் இல்லாமல் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் இது. அமெரிக்காவில் 2021 முதல் இந்த வயதிலிருந்தே பரிசோதிக்கச் சொல்கிறார்கள். நம் நாட்டில் அரசு முகாம்களில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களைத்தான் பார்க்கிறார்கள். அதனால் குடலுக்காக யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள், நீங்களேதான் கேட்க வேண்டும்.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? குடலின் உள்சுவரில் இருந்து செல்கள் தினமும் உதிர்ந்து மலத்தோடு வெளியே வருகின்றன. அங்கே பாலிப்போ புற்றோ இருந்தால் அதன் செல்களும் கூடவே வரும், அவற்றின் டி.என்.ஏ.வில் மாறுதல்கள் இருக்கும். 2014-ல் அமெரிக்க அரசு அனுமதித்த கோலோகார்ட் என்ற பரிசோதனை கே-ராஸ் மரபணுவின் பிறழ்வுகளையும், வேறு இரண்டு மரபணுக்களில் படியும் ரசாயன அடையாளங்களையும், கூடவே கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் சேர்த்துத் தேடுகிறது. சுமார் 10,000 பேரிடம் நடந்த ஆய்வில் புற்று இருந்தவர்களில் 92 சதவீதம் பேரை அது கண்டுபிடித்தது. மலத்தில் ரத்தத்தை மட்டும் பார்க்கும் ஃபிட் பரிசோதனை 74 சதவீதம் பேரைக் கண்டுபிடித்தது. முற்றிய பாலிப்புகளில் இரண்டுமே பாதியைக்கூடப் பிடிக்கவில்லை, டி.என்.ஏ. பரிசோதனை 42 சதவீதம், ஃபிட் 24 சதவீதம்தான். இன்னொரு பக்கம், புற்றோ முற்றிய பாலிப்போ இல்லாத 100 பேரில் 13 பேருக்கு டி.என்.ஏ. பரிசோதனை பாசிட்டிவ் என்று காட்டியது, ஃபிட் காட்டியது 5 பேருக்கு. என்னைக் கேட்டால், டி.என்.ஏ. பரிசோதனை கிடைக்கவில்லை அல்லது கட்டுப்படியாகவில்லை என்றால் வருடா வருடம் தவறாமல் ஃபிட் செய்வதே நல்ல வழி, செலவும் பல மடங்கு குறைவு.

லேபுக்குப் போன் செய்யும்போது "ஸ்டூல் டெஸ்ட்" என்று மட்டும் சொன்னால் பூச்சி, கிருமி பார்க்கும் சாதாரண பரிசோதனையைப் பதிவு செய்துவிடுவார்கள். டி.என்.ஏ. பார்க்கிறீர்களா, கூடவே ரத்தமும் பார்க்கிறீர்களா, மலம் முழுவதும் வேண்டுமா கொஞ்சம் போதுமா, எத்தனை மணி நேரத்துக்குள் உங்களிடம் வந்து சேர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கோலோகார்டுக்கு 72 மணி நேரம்தான் கெடு. எனவே சனிக்கிழமை, பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு முந்தைய நாள் எடுக்க வேண்டாம், திங்கள் அல்லது செவ்வாய் காலை எடுத்தால் கூரியரும் ஓடும், லேபும் திறந்திருக்கும்.

எடுக்கும் நாளில் பட்டினி வேண்டாம், பேதி மருந்து வேண்டாம், வழக்கமான மாத்திரைகளையும் நிறுத்த வேண்டாம். முந்தின நாள் ஆட்டுக்கறி, பீட்ரூட் சாப்பிட்டாலும் பரவாயில்லை, இது மனித ரத்தத்தை மட்டும்தான் பார்க்கும். ஆனால் வயிற்றுப்போக்கு, மாதவிடாய், மூலத்தில் ரத்தக்கசிவு இருக்கும் நாட்களில் எடுக்காதீர்கள்.

கிட்டில் வரும் தாங்கியை வெஸ்டர்ன் டாய்லெட்டின் மேல் வைத்து அதில் டப்பாவைப் பொருத்த வேண்டும். வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால் மருத்துவக் கடையில் கமோடு நாற்காலி கிடைக்கும், அல்லது சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. முதலில் சிறுநீர் கழித்துவிடுங்கள், டப்பாவுக்குள் சிறுநீரோ தண்ணீரோ டிஷ்யூ பேப்பரோ விழக் கூடாது. நம் ஆட்கள் உட்கார்ந்ததுமே பைப்பைத் திறக்கிற பழக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சிவிடுவார்கள், டப்பாவை எடுத்து வைத்த பிறகே கழுவுங்கள். அப்புறம் குச்சியால் மலத்தின் மேற்பரப்பைச் சில இடங்களில் சுரண்டி, சின்னக் குழாயில் போட்டு இறுக மூட வேண்டும். மீதி மலத்தின் மேல் பாட்டிலில் உள்ள திரவத்தை முழுவதுமாக ஊற்றி மூடுங்கள். டி.என்.ஏ. சிதையாமல் காப்பது அந்தத் திரவம்தான். எடுத்த தேதியும் நேரமும் எழுத மறந்தால் சாம்பிளை நிராகரித்துவிடலாம். மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து ஊர் சுற்றாமல் நேராகக் கொடுத்துவிடுங்கள். வேறு கம்பெனி கிட் என்றால் அதன் தாளில் உள்ளபடிதான் செய்ய வேண்டும்.

நெகட்டிவ் வந்தால் 3 வருடம் கழித்து மறுபடி. இடையில் ரத்தம் தெரிந்தால் அந்த ரிப்போர்ட்டை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

பாசிட்டிவ் வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அந்த ஆய்வில் பாசிட்டிவ் வந்த 100 பேரில் ஏறக்குறைய 4 பேருக்குத்தான் புற்று இருந்தது. ஆனாலும் கொலோனோஸ்கோப்பி கட்டாயம். "இன்னொரு தடவை மலத்தைக் கொடுத்துப் பார்ப்போம்" என்று இறங்குகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். இரண்டாவது நெகட்டிவ் முதல் பாசிட்டிவை ரத்து செய்யாது. தனியாரில் செலவு அதிகம் என்று தோன்றினால் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் எதிரில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் குடல் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. கொலோனோஸ்கோப்பியில் பாலிப் தெரிந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள், பல வருடம் கழித்துப் புற்றாக மாறக்கூடியது அங்கேயே போய்விடும். மயக்க ஊசி போடலாம் என்பதால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள், லேப் ரிப்போர்ட்டோடு நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் கையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தானாக நிறுத்தாமல், தேதி குறிக்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.