சி.பி.யு. மேல் காபி கொட்டிவிட்டதா? முதலில் யு.பி.எஸ்ஸை அணையுங்கள்

சுவிட்சை அணைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் காரைக்குடிப் பக்கம் நிறைய வீடுகளில் கம்ப்யூட்டர் யு.பி.எஸ்ஸில்தான் ஓடுகிறது. சுவரில் அணைத்தால் அது பீப் பீப் என்று கத்திக்கொண்டே பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கும், உள்ளே காபி வழிய ஃபேன் பாட்டுக்குச் சுற்றும். அதனால் யு.பி.எஸ்ஸின் பட்டனையும் அணைத்துவிட்டு, காய்ந்த கையால் சி.பி.யு.வின் பின்னாலுள்ள பவர் கேபிளை உருவுங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் தண்ணீர் தேங்கி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அதில் கிடந்தால் கிட்டவே போகாதீர்கள், முதலில் வீட்டு மெயினை அணையுங்கள்.

கேபிளை உருவியே ஆக வேண்டும். ஷட் டவுன் செய்த கம்ப்யூட்டரிலும் மதர்போர்டுக்கு 5 வோல்ட் போய்க்கொண்டேதான் இருக்கும். போர்டைத் தின்பது வெறும் ஈரமல்ல, ஈரத்தோடு சேர்ந்த மின்சாரம். மின்பகுப்பு நடந்து செம்பு கரையும், நாளாக ஆகப் பச்சை பூக்கும். 1953-இல் திறந்த நம்ம ஊர் சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆராய்ச்சி செய்யும் அரிப்பு இதுதான்.

உருவிய பிறகு பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடியும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, வயர்கள் இருக்கிற இருப்பைப் போனில் படம் எடுங்கள். பவர் பட்டனிலிருந்து வரும் பொடி வயர்களைக் கிட்டத்தில் எடுங்கள், திரும்ப மாட்டும்போது உயிரை வாங்குவது அதுதான். ராம், கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். காசு மாதிரி இருக்கும் சி.ஆர். 2032 செல்லையும் எடுத்துவிடுங்கள். 3 வோல்ட்தான், ஈரத்தில் அரிக்க அது போதும்.

பலர் மேலே துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். காபி போர்டின் திருகு ஓட்டைகள் வழியாகவும் ஓரம் வழியாகவும் பின்பக்கம் இறங்கி, தகரத்துக்கும் போர்டுக்கும் நடுவில் தங்கிவிடும். ராம் மாட்டும் பள்ளத்துக்குள்ளும் நிற்கும். பயமாக இருந்தாலும் போர்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள்.

பாலும் சர்க்கரையும் போட்ட காபி என்றால் காய்ந்தபின் பிசுபிசுப்பு அப்படியே ஒட்டியிருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைப் பழைய மெல்லிய பல் பிரஷில் தொட்டு அதைக் கரைத்து எடுத்துவிட்டு, மேலே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடையுங்கள். செல்போன் சர்வீஸ் கடைகளில் 99 சதவீதம் என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும். ஆல்கஹால் தீப்பிடிக்கும், பூஜை விளக்குக்கும் அடுப்புக்கும் தள்ளி உட்காருங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை, அதாவது பவர் கேபிள் வந்து சேரும் பவர் சப்ளை பெட்டியை, மட்டும் திறக்காதீர்கள். கேபிளை உருவிய பின்னும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். பழைய கேபினெட்டுகளில் அது மேல்பக்கம் இருப்பதால் கொட்டியது முதலில் அதற்குள்தான் போகும். போயிருந்தால் என் கட்சி, புதிது வாங்குங்கள்.

காய வைப்பதற்கு நிழலும் டேபிள் ஃபேனும் போதும், குறைந்தது இரண்டு நாள். சித்திரை வெயில்தானே என்று மொட்டை மாடியில் வைக்க வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். அரிசிக்குள் போட்டு வைக்கச் சொல்வார்கள், சி.பி.யு.வை மூட ஒரு மூட்டை வேண்டும், ஈரமும் போகாது, தூசிதான் ஏறும்.

சரி, திரும்பப் போடும்போது ஒரே ஒரு ராமோடு போட்டுப் பாருங்கள், ஹார்ட் டிஸ்க் இப்போது வேண்டாம். தீய்ந்த வாடை வந்தால் உடனே கேபிளை உருவுங்கள். தேதியும் நேரமும் மாறியிருக்கும், செல்லைக் கழற்றியதால்தான், பயப்பட வேண்டாம்.

பின்சேர்க்கை: லேப்டாப்புக்கும் இதே முறையா என்று கேட்கிறார்கள். இல்லை. அதில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, கூடாரம் மாதிரி விரித்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.