வேற்றுக்கிரகவாசியை வைத்து நகைச்சுவைக் கதை எழுதுவது எப்படி?

வேற்றுக்கிரகவாசி பூமிக்கு வரும் கதையை எழுத உட்காருபவர்களில் பலர், விண்கலத்தை வருணிப்பதிலேயே முதல் இரண்டு பக்கங்களைச் செலவழித்துவிடுகிறார்கள். அது இறங்கியது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, வந்தவனுக்கு நம்மைப் பற்றி முன்கூட்டியே என்ன தெரியும் என்பதை முடிவு செய்யுங்கள். ஏதும் அறியாத அப்பாவியை விட, அரைகுறையாகப் படித்துவிட்டு வந்தவனே அதிகம் சிரிக்க வைப்பான்.

1977இல் ஏவப்பட்ட இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும், வேற்றுக்கிரகவாசிகள் யாராவது கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று, 55 மொழிகளின் வாழ்த்துகளைக் கொண்ட தங்க முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களமும் உண்டு. ஆனால் தமிழ் இல்லை. அந்தத் தட்டை மனப்பாடம் செய்துவிட்டு மதுரையில் வந்து இறங்குபவன், மூன்று மொழிகளிலும் வணங்கிப் பார்த்துப் பலனில்லாமல், அதே தட்டிலுள்ள திமிங்கிலப் பாட்டை எடுத்துவிடுவான் அல்லவா?

அடுத்து, அவனை ஊர் சுற்றவிடாமல் ஒரே ஓர் அலுவலகத்துக்குள் அனுப்புங்கள். என் தேர்வு ஆதார் பதிவு மையம். அங்கே இடக்கையின் நான்கு விரல்கள், வலக்கையின் நான்கு விரல்கள், பிறகு இரண்டு கட்டைவிரல்கள் என்ற வரிசையில் ரேகை எடுப்பார்கள். கைக்கு மூன்றே விரல்கள் உள்ளவனைக் கண்டு ஊழியர் அலறினால் காட்சி அங்கேயே செத்துவிடும். அவர் தலை நிமிராமல், "விரல் இல்லேன்னா பரவாயில்லை, அதுக்கு விதிவிலக்கு இருக்கு, முகவரிச் சான்று எங்கே?" என்று கேட்க வேண்டும்.

விதிகளை நீங்கள் கற்பனை செய்யத் தேவையில்லை. உண்மையானவையே போதுமான அளவு விசித்திரமானவை. விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாட்களாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும் என்பது ஆதார் விதி. வெள்ளிக் கிரகத்தில் ஒரு பகலும் இரவும் சேர்ந்து முடிய நம் கணக்கில் ஏறக்குறைய 117 நாட்கள் ஆகின்றன. உங்கள் நாயகனின் கிரகமும் அவ்வாறே மெதுவாகச் சுழல்வதாக வைத்துக்கொண்டால், "ஒன்றரை நாள்தானே, இங்கேயே உட்காருகிறேன்" என்று அவன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான்.

அதன்பின் அறிவியலை ஓரமாக வைத்துவிட்டு, அவன் மெல்ல உள்ளூர்க்காரனாவதைக் காட்டுங்கள். டோக்கன் இல்லாமல் நுழையும் ஒருவரை மறித்து, "சார், நாங்கல்லாம் காலையிலேர்ந்து நிக்கிறோம், தெரியலையா?" என்று அவன் அதட்டும் இடத்தில் கதையை நிறுத்திவிடலாம்.