கினிக்கோழிக் குர்தா: பறவையும் செடியும் பார்த்து அன்றாட உடை அமைப்பது

வேலைக்கும் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் போட்டுக்கொள்ளும் சாதாரண உடைக்கான குறிப்பு இது. கல்யாண உடுப்புக்கு இந்த வழி ஒத்துவராது. அலமாரியில் இருப்பதை வைத்தே பெரும்பாலும் முடித்துவிடலாம்; துண்டுத் துணிக்கு மட்டும் கொஞ்சம் செலவாகும்.

நிறத்தைவிட அளவுதான் முக்கியம். எந்த நிறம் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

படி 1: பக்கத்தில் இருப்பதைப் பிடியுங்கள்

பறவை நிறம் என்று தேடினாலே இளஊதா மார்புள்ள பனங்காடைதான் முதலில் வரும். கொள்ளை அழகு. ஆனால் காலையிலும் வெயிலிலும் மழை மேகத்திலும் நேரில் பார்த்துப் பழகிய பறவைதான் உடைக்கு உதவும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நம் ஊரில், அதற்குப் பஞ்சமே இல்லை. தெருவோரம் மேயும் கினிக்கோழி, புல்தரையைக் குத்திக்கொண்டே கத்தும் ஹடீடா என்ற அரிவாள்மூக்கன், அத்திமரத்துக்கு வரும் ஊதாக்கொண்டை லூரி. செடி வேண்டுமென்றால், பறவைத் தலை மாதிரி பூக்கும் ஸ்ட்ரெலிட்சியா. 1849இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்குள் போக டிக்கெட் கிடையாது, ஒரு நடை போய்ப் பாருங்கள்.

படி 2: எந்த நிறம் எவ்வளவு?

போனில் முழு உருவமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, அதைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்குங்கள். கண்ணை இடுக்கிப் பாருங்கள். மிஞ்சித் தெரிவது இரண்டு மூன்று நிறம்தான். படத்தைத் தொட்டால் நிறத்தின் எண்ணைச் சொல்லும் செயலிகளை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே இறகில் இருபது பச்சை காட்டும். கடைக்காரரிடம் அந்த எண்ணைச் சொல்லி என்ன துணி வாங்குவது? வீட்டிலிருக்கும் தையல் நூல்கண்டுகளைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே போதும்.

ஸ்ட்ரெலிட்சியா என்றதும் எல்லோருக்கும் ஆரஞ்சுதான் ஞாபகம் வரும். செடியை முழுதாகப் பாருங்கள்: பெரும்பகுதி சாம்பல் பூத்த பச்சை. அதற்கு மேல் கொஞ்சம் ஆரஞ்சு. நடுவில் அம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் நீலம், விரல் அளவு. அலகு போன்ற மடலின் மேல் விளிம்பில் செம்மை ஓடுகிறது. அப்படியே உடையாக்கினால் சாம்பல்பச்சை சல்வார் கமீஸ், ஆரஞ்சு துப்பட்டா, நீலம் காதில் மட்டும். கழுத்துப்பட்டிக்குச் செம்மையில் மெல்லிய பைப்பிங். ஆரஞ்சில் கமீஸ் தைத்துவிட்டால் செடி காணாமல் போய்விடும்.

கினிக்கோழிக்கு இந்த ஊரிலேயே துணி இருக்கிறது: ஷ்வேஷ்வே என்ற அச்சடித்த பருத்தித் துணி. கருநீலத்தில் பொடிப்பொடியாய் வெள்ளைப் புள்ளி வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். பறவையின் உடம்பு அதுதான். கழுத்து நீலத்துக்கு ஒரு ஸ்கார்ஃப், தாடைச் சிவப்புக்குப் பொத்தான், முடிந்தது. ஷ்வேஷ்வே பெரும்பாலும் 90 செ.மீ. அகலத்தில்தான் வரும், சேலைக்கடை அகலத்தை நினைத்துக் கணக்குப் போட்டால் கைக்குத் துணி போதாது. கஞ்சியால் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். வெட்டுவதற்கு முன் ஒருமுறை அலசிக் காய வைத்துவிடுங்கள். கஞ்சி போய் மெத்தென்று ஆகும், சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும்.

படி 3: மினுங்கும் நிறம்

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

ஹடீடா தூரத்திலிருந்து அழுக்குச் சாம்பலாகத் தெரியும். கிட்டே வந்து திரும்பும்போது இறக்கையின் மேல்பக்கத்தில் பச்சையும் ஊதாவும் ஓடும். அந்தப் பச்சை சாயம் கிடையாது. இறகின் நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது உண்டாவது. கோணம் மாறினால் நிறமும் மாறும். அதனால் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் ஒற்றைச் சாயத்தில் தோய்த்த பருத்தியில் அது கிடைக்காது. தட்டையான பச்சைதான் கிடைக்கும்.

இதற்கு நம் நெசவாளர்கள் என்றோ வழி கண்டுவிட்டார்கள். பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் இன்னொரு நிறம். மயில்கழுத்துப் பட்டு அப்படித்தான் மின்னுகிறது. கிரே ஸ்ட்ரீட் சேலைக்கடைகளில் பச்சையும் ஊதாவும் கலந்த டபுள் ஷேடில் ஒரு ப்ளவுஸ் பிட் கேளுங்கள். (பெயர்ப்பலகையில் டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட் என்று இருக்கும்.) ட்யூப்லைட்டுக்கு அடியில் எடுத்த முடிவை நம்பாதீர்கள். துணியை வாசலுக்குக் கொண்டுவந்து, மடித்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். மடிப்பின் முகட்டில் ஒரு நிறமும் பள்ளத்தில் இன்னொன்றும் தெரிந்தால் வாங்கலாம். சாம்பல் குர்தாவின் தோள்பட்டையில் ஒரு கீற்று, கைப்பட்டியில் ஒரு கீற்று. அதற்கு மேல் வேண்டாம்.

லூரி இதற்கு நேர்மாறு. உட்கார்ந்திருக்கும்போது பச்சை, சாம்பல்நீலம். பறந்தால்தான் இறக்கைக்குள் அந்தச் சிவப்பு தெரியும். அது டுராசின் என்ற செம்பு கலந்த நிஜ நிறமி, எந்தக் கோணத்திலும் சிவப்புதான். ஆகவே சாதாரணச் சிவப்புப் பருத்தியே போதும், ஆனால் உள்பக்கம் வையுங்கள்: அகலக் கையின் லைனிங்காக. கையைத் தூக்கும்போது மட்டும் தெரிய வேண்டும். இந்தக் குடும்பத்தின் இன்னொரு பறவையான நைஸ்னா லூரிதான் 2023இல் வந்த புது 50 சென்ட் நாணயத்தில் இருக்கிறது.

பிற்சேர்க்கை 1: சிவப்பு லைனிங் சாயம் விட்டு வெளித்துணியைக் கெடுத்துவிட்டது என்று சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார். தைப்பதற்கு முன் ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்பை அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால், தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசிய பிறகே தையலுக்குக் கொடுங்கள்.

பிற்சேர்க்கை 2: "ஆபீஸில் கறுப்பு பேண்ட் கட்டாயம், நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்ட தம்பிகளுக்கு மைனா இருக்கிறது. கறுப்பு பேண்ட், காபிப்பொடி நிறச் சட்டை, மஞ்சள் வாட்ச் வார். மைனாவின் இறக்கையில் உள்ள வெள்ளையும் வேண்டுமென்றால் கைக்குட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெள்ளை பனியன் காலர் வழியாக எட்டிப் பார்த்தால் மஞ்சள் எடுபடாது.