இசை நாடகம் பார்க்கும்போது திரும்பி வரும் மெட்டைக் கவனியுங்கள்

லண்டனில் 1985இல் தொடங்கிய 'லே மிசரபிள்' நாடகத்தில் உரையாடலும் ஏறக்குறைய முழுக்கப் பாட்டுதான். கதைச் சுருக்கத்தை முன்பே படித்துவிடுங்கள். இல்லையென்றால் யார் யாரென்று பிடிபடுவதற்குள் முதல் அரை மணி ஓடிவிடும். மேடை முழுதும் தெரிய, முதல் மாடியின் நடுப்பகுதி நல்லது.

உட்பொருள் மெட்டில் இருக்கிறது. சிறையிலிருந்து வந்த கதாநாயகன் வால்ஜான், தன் திருட்டை மன்னித்த பிஷப்பின் கருணையால் கலங்கிப்போய்த் தொடக்கத்தில் பாடும் அதே மெட்டைத்தான், பிற்பாதியில் அவன் உயிரோடு விட்ட போலீஸ் அதிகாரி ஜாவேரும் பாடுகிறார். ஒரே கருணை, ஒருவனை மாற்றுகிறது, மற்றவரை உடைத்துவிடுகிறது. வார்த்தைகளை மட்டும் துரத்தினால் இது காதில் விழாது. வீடு திரும்பியதும் அந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இருவரும் எந்த வரியில் பிரிகிறார்கள் என்று குறித்துவையுங்கள்.